காரின் வழக்கமான சர்வீஸை எங்கே செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவதா, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதா என்ற கேள்வி, கார் வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுகிறது. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவது, பிரேக், கூலன்ட், டயர், பேட்டரி ஆகியவற்றைச் சோதிப்பது போன்ற, குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்தாக வேண்டிய பராமரிப்பைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். விபத்துக்குப் பிந்தைய டிங்கரிங், பெயின்டிங் வேலைகளும் எஞ்சினைப் பிரித்துச் செய்யும் வேலைகளும் இதில் சேரா. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்வதைவிட, வண்டியின் வயது, அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை, செய்த வேலையை எழுத்தில் தரும் பழக்கம் அந்த இடத்துக்கு உண்டா என்பது ஆகிய மூன்றையும் பார்த்து முடிவு செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கார் வாங்கிய ஷோரூமிலேயேதான் சர்வீஸுக்கு விட வேண்டுமா?

வேண்டியதில்லை. மதுரையில் வாங்கிய காரைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள அதே கம்பெனியின் வேறோர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விடலாம். இலவச சர்வீஸும் வாரண்டியும் அங்கேயும் செல்லும். நாம் கம்பெனி சர்வீஸ் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர் கார் கம்பெனியிடம் டீலர்ஷிப் பெற்ற தனி முதலாளி. பயிற்சியும் கருவிகளும் உதிரிபாகங்களும் கம்பெனி வழியாக வந்தாலும், வேலையில் காட்டும் கவனமும் வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறையும் டீலருக்கு டீலர் மாறும். ஒரே ஊரில் ஒரே கம்பெனிக்கு மூன்று நான்கு சென்டர்கள் இருந்தால், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, அங்கே பல ஆண்டுகளாக வண்டி விடுபவர்கள் ஓரிருவரிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியில் விட்டால் வாரண்டி போய்விடுமா?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு: சட்டம் சொல்வது ஒன்று, நடைமுறையில் நடப்பது வேறொன்று.

2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், மாருதி சுசூகி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தன என்பதே வழக்கின் சாரம். வெளிப் பட்டறையில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாடிக்கையாளரின் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு கூறியது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இனி நடைமுறை. குறித்த கால அட்டவணைப்படி அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற வாசகம் பல கம்பெனிகளின் வாரண்டி கையேடுகளில் இன்றும் இருக்கிறது. வாரண்டிக் காலத்துக்குள் கியர்பாக்ஸோ டர்போவோ பழுதாகிப் பெரிய தொகைக்குக் கோரிக்கை வைக்கும்போது, சர்வீஸ் வரலாற்றில் ஓர் இடைவெளி தெரிந்தால் அதையே காரணம் காட்டித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், ஆணையத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்கு நடப்பது எளிதன்று. ஆகவே வாரண்டி இருக்கும்வரை அட்டவணைப்படியான சர்வீஸ்களைக் கம்பெனி சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள். டயர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர், வாட்டர் வாஷ் ஆகியவற்றை வெளியில் செய்வதால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஹாரன், விளக்கு, மியூசிக் சிஸ்டம் மாட்டுவதற்காகக் கம்பெனி வயரை வெட்டி ஒட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். மின்சாரக் கோளாறுக்கான வாரண்டி மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒட்டுவேலைதான் காரணமாகக் காட்டப்படுகிறது.

வாரண்டி எதுவரை உள்ளது என்பதை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பலர் பழைய கணக்கையே நினைவில் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மாருதி சுசூகி நீண்டகாலம் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. என்று கொடுத்துவந்த வாரண்டியை, 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. என்று உயர்த்தியது.

இலவச சர்வீஸில் எதெல்லாம் இலவசம்?

பொதுவாக லேபர் சார்ஜ் மட்டும். மாருதியில் 1,000, 5,000, 10,000 கி.மீ. ஆகிய மூன்று சர்வீஸ்களுக்கும் கூலி கிடையாது. ஆனால் எண்ணெய், ஃபில்டர் போன்று மாற்றப்படும் பொருள்களுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் கிலோமீட்டர் கணக்கு மாறலாம், முறை ஏறக்குறைய இதுவே.

வாரண்டி முடிந்த பிறகு எங்கே போவது நல்லது?

உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும்: கம்பெனி சென்டரிலேயே தொடர்வது, மைடிவிஎஸ், பாஷ் கார் சர்வீஸ் போன்ற, எல்லாக் கம்பெனிக் கார்களையும் எடுக்கும் மல்டிபிராண்டு பட்டறைகளுக்குப் போவது, உங்கள் பகுதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுப்பது.

கம்பெனி சென்டரின் பலம், உங்கள் மாடலை அவர்கள் நாள்தோறும் பார்ப்பது. அந்த மாடலுக்கே உரிய கோளாறு எது, எந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டரில் தேயும் என்பது அங்கிருக்கும் மூத்த டெக்னீஷியனுக்குக் கைவந்த விஷயம். மென்பொருள் அப்டேட், சாவி ப்ரோகிராமிங், ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தொடர்பான வேலைகளுக்கு அங்கே போவதே பாதுகாப்பு. குறை என்னவென்றால், வண்டியைத் தொடும் டெக்னீஷியனை நீங்கள் பெரும்பாலும் பார்க்கவே முடியாது. இடையில் நிற்கும் சர்வீஸ் அட்வைசரிடம் சொன்ன குறை அவர் வழியாக உள்ளே போய்ச் சேர வேண்டும், அப்படிப் போகும் வழியில் பாதி தேய்ந்துவிடுவதும் உண்டு. சரிசெய்வதற்குப் பதிலாக முழு அசெம்பிளியையும் மாற்றச் சொல்லும் போக்கும் அங்கே அதிகம்.

தனி மெக்கானிக்கிடம் நிலைமை நேர் எதிர். வண்டியை வாங்குபவரும் பிரிப்பவரும் பூட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரே. இடதுபக்கம் வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் டொக்கென்று சத்தம் வருகிறது என்று நீங்கள் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு என்ற சிறு கம்பி மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுவார். கூலியும் குறைவு. ஆனால் காரின் கணினியிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் எல்லாப் பட்டறைகளிலும் இருக்காது, இருந்தாலும் உங்கள் மாடலின் எல்லாப் பகுதிகளையும் அது படிக்காமல் போகலாம். அவர் கையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அதுவே உங்கள் எஞ்சினுக்குள் போகும் அபாயமும் உண்டு. மல்டிபிராண்டு பட்டறைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கணினி பில், முன்கூட்டியே சொல்லும் விலை, வேலைக்குச் சில மாத உத்தரவாதம் ஆகியவை அவற்றின் பலம். ஆனால் அவற்றில் பலவும் ஃபிராஞ்சைஸ் முறையில் நடப்பவை என்பதால், பெயரை நம்புவதைவிடக் கிளையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வாரண்டி முடிந்த, மிகவும் பரவலாக ஓடும் ஒரு பெட்ரோல் கார் உங்களிடம் இருந்து, கவனமுள்ள ஒரு மெக்கானிக்கும் உங்களுக்குக் கிடைத்துவிட்டால், ஆண்டு சர்வீஸை அவரிடம் மாற்றிக்கொண்டு, கணினி சார்ந்த வேலைகளுக்கு மட்டும் கம்பெனி சென்டருக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். அப்படி ஒருவர் கிடைக்காத நிலையில், கூலி குறைவு என்பதற்காக மட்டும் இடம் மாறாதீர்கள்.

கவனமுள்ள பட்டறையை எப்படி அடையாளம் காண்பது?

தேவைப்படும் நாளுக்கு முன்பே, சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். டயர் ரொட்டேஷனோ ஏர் ஃபில்டர் மாற்றுவதோ போதும். அரைமணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்க அனுமதிக்காவிட்டால் அதுவே ஒரு தகவல்.

வீல் நட்டுகளை எப்படி முறுக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். அவசரக்காரர் காற்று கன்னை வைத்து வரிசையாகச் சுற்றி ஒரேயடியாக இறுக்கிவிடுவார். வேலை தெரிந்தவர் முதலில் எல்லா நட்டுகளையும் கையாலேயே புரியில் ஏற்றி, சக்கரம் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் குறுக்குவாட்டில் முறுக்கி, வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கியபின், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச்சால் கடைசி இறுக்கம் கொடுப்பார். அளவுக்கு மீறி இறுக்கிய நட்டு, நடுவழியில் பஞ்சரானால் உங்கள் கையில் இருக்கும் ஸ்பேனருக்கு மசியாது.

எண்ணெய் மாற்றும்போதும் இதே கவனம் தெரியும். எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைத் திறப்பது, எண்ணெய் சொட்டு நிற்கும்வரை காத்திருப்பது, போல்ட்டின் கீழுள்ள வாஷரைப் புதிதாகப் போடுவது, புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவிக் கையால் இறுக்குவது, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தியபின் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை மறுபடி பார்ப்பது ஆகிய அனைத்தையும் யாரும் சொல்லாமலே செய்பவரிடம் உங்கள் வண்டியைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறாரா, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு பில் தருகிறாரா, தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்புகிறாரா என்பனவும் முக்கியம். கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எந்த எண்ணெய் போடுகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமா?

ஆம். இன்றைய எஞ்சின்களில் எண்ணெயின் தரக்குறியீடு விருப்பத்துக்கு விட்ட விஷயமன்று. சில புதிய மாருதி பெட்ரோல் எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-16 போன்ற மிக மெல்லிய எண்ணெய் குறிப்பிடப்படுகிறது. நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்று சொல்லிப் பழைய 20டபிள்யூ-50 வகையை ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினின் உள் இடைவெளிகளும் எண்ணெய் பம்ப்பும் மெல்லிய எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டிருக்கும்போது கெட்டியான எண்ணெய், ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் மேல்பகுதிக்குப் போய்ச்சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

டீசல் கார்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உள்ளது. அதற்கு எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய் வேண்டும். சாதாரண டீசல் எண்ணெயை ஊற்றினால் சாம்பல் அந்த வடிகட்டியில் தங்கி நாளடைவில் அடைத்துவிடும். கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பலை அப்படி எரிக்க முடியாது. புதிய வடிகட்டியின் விலை, எண்ணெயில் மிச்சம் பிடித்த தொகையைப்போலப் பல மடங்கு.

ஆகவே கையேட்டில் உள்ள தரக்குறியீட்டை எழுதிக்கொண்டு போய், அதே குறியீடு உள்ள, சீல் உடைக்காத கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பெரிய சென்டர்களில் பேரலிலிருந்து எடுப்பார்கள். அங்கே பில்லில் குறியீடும் லிட்டர் அளவும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக மூன்று முதல் நான்கு லிட்டர் பிடிக்கும். கையேடு சொல்லும் அளவைவிடப் பில்லில் கூடுதலாக இருந்தால் காரணம் கேட்கலாம்.

வெளியில் வாங்கும் உதிரிபாகங்களை நம்பலாமா?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கார் கம்பெனியின் பெட்டியில் வரும் பாகம் ஒரு வகை. அதே பாகத்தைக் கார் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது வகை. இதில் நமக்கு நல்ல வாய்ப்பு உண்டு, ஏனெனில் அத்தகைய நிறுவனங்கள் பல தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. பிரேக்ஸ் இந்தியாவும் ரானே குழுமமும் பிரேக் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. வாரண்டி முடிந்த காருக்கு இந்த வகைப் பாகங்கள் தாராளமாகப் போதும், விலையும் பல நேரங்களில் குறைவு.

மூன்றாவது வகையான போலிதான் ஆபத்து. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் நல்ல சரக்கும் கிடைக்கும், பெட்டியை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறவும் கூடும். பொட்டலத்தில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். பில் கொடுக்க மறுக்கும் கடையில் பிரேக் பேடு வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டிரிம் போன்றவற்றை வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், சீட் பெல்ட் ஆகிய உயிர் காக்கும் பாகங்களைப் பழையதாக வாங்கவே கூடாது.

சர்வீஸுக்குப் போனால் எஸ்டிமேட் நீண்டுகொண்டே போகிறது. எதை மறுக்கலாம்?

40,000 கி.மீ. சர்வீஸுக்குப் போகும் ஒரு காரின் எஸ்டிமேட்டை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றம், பல மாடல்களில் ஸ்பார்க் பிளக் ஆகியவை பெரும்பாலும் கையேட்டு அட்டவணையில் உள்ளவை. செய்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சினின் உள்பகுதியை ரசாயனத்தால் கழுவுவது), ஃப்யூவல் சிஸ்டம் கிளீனர், ஏ.சி. கிருமி நீக்கம், டெஃப்லான் கோட்டிங், இன்டீரியர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கிளீனிங் செய்வது என்று வரிசை தொடரும். இவற்றில் எது கையேட்டில் உள்ளது என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலானவை இருக்காது.

இல்லாதவை எல்லாம் வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அடித்தளத்தைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருப்பவருக்கு அண்டர்பாடி கோட்டிங்கில் நியாயம் இருக்கிறது. வண்டி நின்றபடி ஐடிலில் எஞ்சின் தடுமாறினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது சரியான வேலை. எந்தக் குறையும் இல்லாத வண்டிக்கு, எண்ணெயை ஒழுங்காக மாற்றிவரும் நிலையில், எஞ்சின் ஃப்ளஷ் தேவையில்லை.

பிரேக் பேடு மாற்ற வேண்டும் என்றால் தடிமனைக் கேளுங்கள். புதிய பேடின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றுவது முறை. 6 மி.மீ. இருக்கும்போதே மாற்றச் சொன்னால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். டயருக்கும் அளவு உண்டு: பள்ளங்களுக்கு நடுவே உள்ள 1.6 மி.மீ. உயர அடையாளக் கட்டையோடு டயரின் மேற்பரப்பு சமமாகிவிட்டால் அந்த டயர் முடிந்தது. இதற்கு மாறாக, பிரேக் ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறஏறக் கொதிநிலை குறையும். ஏற்காட்டிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி, மிதியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காத நிலை வரும். வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உங்கள் ஒப்புதல் இல்லாமல் எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று, வண்டியை விடும்போது வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கூடுதல் வேலைக்குத் தொலைபேசியில் கேட்டால், பாகத்தின் படத்தையும் விலையையும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வண்டி அதிகம் ஓடுவதில்லை. அப்படியும் ஆண்டுதோறும் சர்வீஸ் வேண்டுமா?

வேண்டும். 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் மட்டும் எடுக்கும் காரில் எஞ்சின் முழுச்சூட்டை எட்டுமுன் நிறுத்தப்படுவதால், உள்ளே உருவாகும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. கையேடுகள் இத்தகைய குறும்பயணங்களைக் கடுமையான பயன்பாடு என்றே வகைப்படுத்துகின்றன.

கூலன்ட் குறைந்தால் பட்டறையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பரவாயில்லையா?

நடுவழியில் அவசரத்துக்குப் பரவாயில்லை. வழக்கமாக்கிவிடக் கூடாது. நம் ஊர்களின் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அது ரேடியேட்டரிலும் ஹீட்டர் குழாய்களிலும் படிந்து அடைக்கும். கையேட்டில் உள்ள வகைக் கூலன்ட்டையே ஊற்ற வேண்டும், கூலன்ட் ஏன் குறைந்தது என்று கேட்கவும் வேண்டும், ஏனெனில் கசிவில்லாத காரில் அது எளிதில் குறையாது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் எக்ஸ்டென்டட் வாரண்டியும் எடுக்கலாமா?

இரண்டும் வேறு வேறு. எக்ஸ்டென்டட் வாரண்டி எதிர்பாராத பழுதுக்கானது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, திரைகள் நிறைந்த டேஷ்போர்டு உள்ள காருக்கு அதை எடுப்பது நல்லது. பராமரிப்பு ஒப்பந்தம் நீங்கள் எப்படியும் செய்யப்போகும் சர்வீஸ்களுக்கு முன்பணம். எத்தனை சர்வீஸ்கள், அவற்றில் எந்தெந்தப் பாகங்கள் அடக்கம் என்று தாளில் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள். பிரேக் பேடும் கிளட்ச்சும் பெரும்பாலான அடிப்படை ஒப்பந்தங்களில் வராது.

மின்சாரக் கார், சி.என்.ஜி. கார்களுக்கும் இதே விதிகளா?

மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் வேலையே இல்லை. டயர், பிரேக், ஏ.சி. ஃபில்டர் போன்றவற்றைப் பழக்கமான பட்டறையிலும் பார்க்கலாம். ஆரஞ்சு நிற உறையிட்ட உயர் மின்னழுத்தக் கேபிள்களையும் பேட்டரியையும் குளிர்விக்கும் அமைப்பையும் கம்பெனியின் பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பல மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று நீண்ட வாரண்டி கொடுக்கப்பட்டிருப்பதால் அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் இதுவே வழி. சி.என்.ஜி. காரில் சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சாதாரண சர்வீஸில் இது சேராது. தேதியை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

கார் கம்பெனியே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. இனி எங்கே போவது?

மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது தமிழ்நாட்டில் ஏராளமான ஃபிகோ, எக்கோஸ்போர்ட் குடும்பங்கள் கலங்கின. செவர்லே விற்பனை அதற்கு முன்பே, 2017 இறுதியில் நின்றுவிட்டது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்றே இரு நிறுவனங்களும் அறிவித்தன. காலப்போக்கில் சென்டர்களின் எண்ணிக்கை குறையும் என்பதால், அந்த டீலர்களிடம் முன்பு வேலை பார்த்துவிட்டு இப்போது தனிப் பட்டறை வைத்திருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாடலின் மென்பொருளும் நுணுக்கங்களும் அறிந்த கை அதுதான். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் அதை மாற்றவேண்டிய கிலோமீட்டரை அறவே தவறவிடாதீர்கள். டஸ்டர் டீசல் போன்ற எஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினையே பிரிக்க நேரும்.

வெளியில் சர்வீஸ் செய்தால், தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் வந்தது எப்படித் தெரியும்?

நியாயமான கவலை. கம்பெனி சென்டருக்குப் போகும் வண்டிகளுக்கு அங்கேயே பார்த்துச் செய்துவிடுவார்கள். நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ரீகால் வேலைக்குக் கட்டணம் கிடையாது; வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் வெளியில் சர்வீஸ் செய்தீர்கள் என்பதும் அதற்குத் தடையாகா.

சிறிய மெக்கானிக் ஜி.எஸ்.டி. பில் தருவதில்லை. அவர் ஏமாற்றுகிறாரா?

அப்படி நினைக்க வேண்டாம். சேவை மட்டும் வழங்கி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. ஆனால் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், மாற்றிய பாகங்கள், எண்ணெயின் குறியீடு ஆகியவற்றுடன் கையெழுத்திட்ட சாதாரண பில் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாகங்களை நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பில்லையும் சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். பிற்காலத்தில் காரை விற்கும்போது, கம்பெனி முத்திரை இல்லாவிட்டாலும் இடைவெளியில்லாத இந்தக் கோப்பு வாங்குபவருக்கு நம்பிக்கை தரும்.

வேலை சரியில்லை, அல்லது செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் அன்றைக்கே, வண்டியை வெளியே எடுக்குமுன், ஒர்க்‌ஷாப் மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள். மாற்றியதாகச் சொல்லும் ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை. பணம் கட்டாமல் வண்டியை எடுக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு, உழைத்த கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையைப் பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கிறது. ஆகவே வாக்குவாதத்தில் வண்டியை அங்கேயே விட்டுவராமல், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன் என்று பில்லில் எழுதிப் பணத்தைக் கட்டி எடுத்துவிடுங்கள்.

அதன்பின் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமன்று. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், வாட்ஸாப் உரையாடல், பழைய பாகத்தின் படம் ஆகியவற்றின் நகல்களைப் புகாருடன் இணையுங்கள். குறையை உறுதிசெய்து வேறொரு பட்டறை எழுதிக் கொடுத்த ஆய்வுக் குறிப்பும் இருந்தால் உங்கள் தரப்பு மேலும் வலுப்பெறும்; அந்தக் குறிப்பை வாங்கும்வரை வண்டியில் வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.